மாதிரிக்குக் கொடுத்த எண்

இந்தக் கதையில் பாதியை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். சிரிப்பு வரும் பாதியை. டெவலப்பர்கள் கூடும் இடத்தில் யாராவது "ஏ.பி.ஐ. எழுதுகிறவன் செய்யவே கூடாதது எது?" என்று கேட்டால் போதும், உடனே எடுத்துவிடுவேன். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சேர்ந்துகொள்வேன். மீதிப் பாதியை எழுதிவிட்டால் முதல் பாதியைச் சொல்லும் துணிச்சல் எனக்கு இனி வராது. வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

இரண்டாயிரங்களின் பின்பாதியில் சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தேன். 'க்ளவுட்' என்ற சொல் அப்போதுதான் ஆபீஸுக்குள் நுழைந்திருந்தது. எங்கள் முதலாளி அதை வெற்றிலை மாதிரி மென்றுகொண்டே இருப்பார். நாங்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடமோ பஸ் கம்பெனியோ மருந்துக்கடையோ, யாராக இருந்தாலும் தங்கள் மென்பொருளிலிருந்து எங்கள் கணினிக்கு இணையம் வழியாக ஒரு வரி அனுப்பினால், அதை எஸ்.எம்.எஸ். ஆக்கி உரியவரின் செல்போனில் சேர்ப்போம். அந்த வரியை எப்படி எழுதி அனுப்ப வேண்டும், பதிலுக்கு நாங்கள் என்ன சொல்வோம், தப்பாக அனுப்பினால் எப்படித் திருத்துவோம் என்ற மொத்த ஏற்பாட்டுக்குத்தான் ஏ.பி.ஐ. என்று பெயர். அதை வடிவமைப்பதும், வெளியாட்கள் படிப்பதற்கு அதன் விளக்க ஆவணத்தை எழுதுவதும் என் பொறுப்பு.

விருத்தாசலத்தில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மற்ற கம்பெனிகளின் ஆவணங்களைப் படித்து எத்தனையோ நாள் தலை சுற்றி உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றும் ஓடாது. ஏன் ஓடவில்லை என்றும் சொல்ல மாட்டார்கள். 'பிழை 417' என்று ஒரு எண்ணை முகத்தில் எறிந்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த எரிச்சல் எனக்குள் கனன்றுகொண்டே இருந்தது. என் ஏ.பி.ஐ.யைத் தொடுகிற ஒருத்தனும் அப்படி உட்காரக் கூடாது என்று சபதமே எடுத்திருந்தேன்.

அதனால் பார்த்துப் பார்த்துச் செய்தேன். பெயர்கள் எல்லாம் படித்தவுடன் புரிய வேண்டும். பிழை வந்தால் ஒரு முழு வாக்கியம் வர வேண்டும்: "நீங்கள் கொடுத்த எண்ணில் ஒரு இலக்கம் குறைகிறது. தயவுசெய்து ஒருமுறை சரிபாருங்கள்." அந்தத் 'தயவுசெய்து'வுக்காக நான் சண்டை போட்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேல், ஆவணத்தின் முதல் பக்கத்தில் உள்ள மாதிரி நிரலை அப்படியே நகலெடுத்து ஒட்டி ஓட்டினால் ஐந்து நிமிடத்துக்குள் அது வேலை செய்துவிட வேண்டும். 'உங்கள் எண்ணை இங்கே இடவும்' என்று கோடு போட்டு விட்டால் ஒருவன் அதை மறந்து அப்படியே ஓட்டுவான், முதல் முயற்சியே தோற்கும், அத்தோடு மூடிவிட்டுப் போய்விடுவான். நானே அப்படிப் போனவன்தான்.

அதற்கு ஒரு நிஜமான செல்போன் எண் வேண்டும். என்னுடையதைப் போட்டேன்.

எங்கள் டீம் லீடர் கறாரான பெண்மணி. "சொந்த நம்பரையா போடப்போறீங்க? எங்கயும் போய்ச் சேராத ஒரு டம்மி எண் வச்சுக்கலாமே" என்றார். "செய்தி போய்ச் சேர்ந்ததுன்னு பதில் காட்டணும் மேடம். அதுக்கு ஒரு போன் உயிரோட இருந்தாத்தான் முடியும்" என்றேன். டம்மி எண்ணுக்கும் 'சேர்ந்தது' என்று பதில் சொல்ல எங்கள் கணினிக்குக் கற்றுக்கொடுத்திருக்கலாம். அது அரை நாள் வேலை. அந்த அரை நாளை நான் செலவழிக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. சட்டைப் பையில் போன் ஒருமுறை கத்தினால், எங்கோ ஒருவன் என் ஆவணத்தைத் திறந்து, என் நிரலை ஒட்டி, முதல் தடவையிலேயே ஜெயித்துவிட்டான் என்று அர்த்தம். ஹாய். ஹலோ. டெஸ்ட். டெஸ்டிங் ஒன் டூ த்ரீ. ஒரு நாளைக்கு ஐந்து, பிறகு பத்து. சாப்பிடும்போது கத்தினால் எதிரில் இருப்பவனிடம் போனைத் திருப்பிக் காட்டுவேன். தலைகால் புரியாத பெருமை.

அந்த வருஷம் பொங்கலுக்கு முன்னால் கம்பெனி எங்களுக்குப் புதுப் போனும் புது எண்ணும் கொடுத்தது. பழசை என்ன செய்வது? அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் எல்லோரும் செய்ததுதான். சென்னைக்கு வந்தவன் புதுப் போன் வாங்கினால் பழைய போன் சிம்மோடு ஊருக்குப் போகும். நான் என் அக்காவுக்குக் கொடுத்தேன்.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். மாமா சேத்தியாத்தோப்புப் பக்கம் நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறவர், அறுவடைக் காலத்தில் வாரக்கணக்கில் வீட்டுக்கு வர மாட்டார். அக்கா செராமிக் எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் இடம். அச்சிலிருந்து வரும் ஈரக் கட்டைகளின் ஓரத்தில் நிற்கும் பிசிறைக் கத்தியால் எடுத்து, பஞ்சால் துடைத்து, சூளைக்குப் போகும் பலகையில் அடுக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது முழங்கை வரை வெள்ளையாக இருப்பாள்.

போனை அவள் கையில் கொடுத்த அன்றே அது இரண்டு தடவை கத்திவிட்டது.

"என்னா தம்பி, இது பாட்டுக்குக் கத்திக்கிட்டே இருக்குது?"

"ஆபீஸ்லேர்ந்து வரும்கா. நீ கண்டுக்காத. ஆஃப் மட்டும் பண்ணிடாத. சார்ஜ் போட்டு வச்சுக்க."

"நீ குடுத்தத நான் ஏன் ஆஃப் பண்ணப்போறேன்."

கதையைச் சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தில் "அந்த எண் ஆவணத்தில் இருப்பதையே மறந்துட்டேன்" என்று சொல்லிவிடுவேன். மறக்கவில்லை. நன்றாக நினைவிருந்தது. ஆவணத்தைத் திருத்த வேண்டும், ஏற்கெனவே இறக்கி வைத்திருப்பவர்களுக்கு அறிவிக்க வேண்டும், டம்மி எண்ணைக் கட்ட வேண்டும். அதற்குப் பதில் ஒரு போன் எங்காவது உயிரோடு இருந்தால் போதும், அது விருத்தாசலத்தில் இருந்தால் என்ன என்று நினைத்தேன். என் அக்காவை எங்கள் சோதனைக் கருவியாக வைத்துக்கொண்டேன். அவளிடம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து மிஸ்டு கால் வர ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு எட்டு, பத்து. மீட்டிங்கில் இருக்கும்போது, சோற்றில் கை வைக்கும்போது, பஸ்ஸில் தொங்கும்போது. திருப்பிக் கூப்பிட்டால் "ஒண்ணுமில்ல தம்பி, சும்மாதான்" என்பாள். மூன்றாவது வாரம் எனக்குப் பொறுமை போய்விட்டது. "வேல பாக்குற எடத்துல சும்மா சும்மா மிஸ்டு கால் குடுக்காதக்கா, எனக்கு வேற பொழப்பு இல்லியா" என்று கத்தினேன். "சரி தம்பி, ஒரு ரிங்கோட வச்சுடறேன்" என்றாள். அவள் எண்ணுக்குச் சத்தம் வராதபடி என் போனில் மாற்றிவைத்தேன். தயவுசெய்து என்ற சொல்லுக்காகச் சண்டை போட்ட அதே ஆள்தான்.

சித்திரையில் ஒருநாள் ஊருக்குப் போனேன். சென்னையிலிருந்து வந்த பஸ் வேப்பூரில் இறக்கிவிட, அங்கிருந்து மாறி விருத்தாசலம் போய்ச் சேரும்போது பத்தரை மணி. வீட்டுச் சாவி அக்காவிடம் இருந்தது. நேராக எஸ்டேட்டுக்குப் போனேன். கரண்ட் போயிருந்ததால் அச்சு மிஷின் நின்று, பெண்கள் வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டுப் பேர். என்னைப் பார்த்ததும் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"நீங்கதானா அந்தத் தம்பி? நாளுக்குப் பத்து தடவ அக்காள விசாரிக்கிற தம்பி?"

எனக்குப் புரியவில்லை. இன்னொருத்தி தொடர்ந்தாள். "எங்கூட்டுல எனக்கும் ரெண்டு தம்பி இருக்குறானுவோ. தீவாளிக்குத் தீவாளி மூஞ்சியக் காட்டுவானுவோ. உங்க அக்கா குடுத்து வச்சவங்க."

அக்கா முகமெல்லாம் சிரிப்பாக இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். பொத்தான்களின் மேல் மண் வெள்ளையாக அப்பியிருந்தது. திரையில் வரிசையாக எங்கள் கம்பெனிப் பெயரின் ஆறு ஆங்கில எழுத்துகள். எங்கள் அமைப்பு வழியாகப் போகும் மாதிரிச் செய்திகளுக்கெல்லாம் அனுப்புநர் பெயராக அதைத்தான் போட்டிருந்தேன். அதுவும் என் யோசனைதான்.

"இது உன் கம்பெனிப் பேருதான தம்பி? உன் கழுத்துல தொங்குன அட்டையில பாத்து வச்சுக்கிட்டேன். ஹாய்யும் ஹலோவும் நானே படிச்சுடுவேன். டெஸ்ட்டுன்னு போடுறியே, அது நான் நல்லாருக்கேனான்னு பாக்குறதுதான?"

அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆமாக்கா" என்றேன்.

"அதான் நானும் சொன்னேன். ஒரு மெசேஜுக்கு ஒரு மிஸ்டு காலு குடுத்துடுவேன். கெடச்சுதுன்னு உனக்குத் தெரியணும்ல. நீதான் வேண்டாங்குற." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எடம் இல்ல எடம் இல்லன்னு காட்டுச்சு. உங்க மாமா அனுப்புனதெல்லாம் அழிச்சுட்டேன். அவரு நேர்லதான் வர்றாரே."

அவள் சாவியைக் கொடுத்தாள், நான் வாங்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் உடம்பு கூசியது. அந்த 'ஆமாக்கா'வை அன்றைக்கே திரும்பப் பெற்றிருக்கலாம். சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்ததும், "அது நான் இல்லக்கா, ஊர் பேர் தெரியாத யாரோ" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் அந்த மரத்தடியில் நாளைக்கு எப்படிப் போய் உட்காருவாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது காரணமே இல்லை. நான் அனுப்பாத அன்புக்குப் பாராட்டு வாங்குவது எனக்குச் சுகமாக இருந்தது. அதுதான் காரணம்.

ஆடி முடியும்போது அக்கா மகளுக்கு ஒன்றரை வயது. காது குத்த வேண்டும். எங்கள் வழக்கப்படி தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். தாய்மாமன் என்று இருப்பது நான் ஒருத்தன். அக்கா போன் செய்தாள், மிஸ்டு கால் இல்லை, நிஜமான கால். "தம்பி, உனக்கு என்னிக்கு லீவுன்னு சொல்லு. அன்னிக்கே வச்சுக்கலாம். இங்க பக்கத்து மங்களூர்ல, நம்ம சாமி கோயில்லதான்." "பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டாள். "சொல்றேன்னு சொன்னேன்ல" என்றேன். எங்கள் ஏ.பி.ஐ.யின் இரண்டாம் பதிப்பு வெளிவரும் சமயம் அது. புதுசாக வரும் டெவலப்பர் தடுமாறாமல் இருக்க என்னென்ன செய்யலாம் என்று வெள்ளைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் கேட்கவில்லை. மிஸ்டு காலும் நின்றுபோனது. நான் அதைக் கவனிக்கவில்லை. ஒரு மாதம்.

மாமா கூப்பிட்டார். அவர் என்னிடம் போனில் பேசுவதே அபூர்வம்.

"மச்சான், தப்பா நெனச்சுக்காதீங்க. மடியில ஒக்கார வக்கிறதுக்கு வேற ஆளு பாக்கணும்னா பாத்துக்கலாம். உங்க பெரியப்பா வூட்டுல பையன் இருக்குறான். ஆனா அக்கா மேல என்னா கோவம்னு மட்டும் சொல்லிடுங்க. அது சரியா சாப்புடறதில்ல."

"கோவமா? எனக்கென்ன கோவம் மாமா?"

"நீங்கதான மெசேஜு போட்டிருந்தீங்க."

என்ன மெசேஜ் என்று கேட்டேன். அவருக்கு முழுசாகச் சொல்லத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் எங்கள் கணினியின் பதிவுகளில் அந்த எண்ணுக்குப் போன எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். ஹாய், ஹலோ, டெஸ்ட் என்று ஆயிரக்கணக்கில். அவற்றுக்கு நடுவே ஒன்று. ஏதோ பத்திரிகைச் சந்தா விற்கும் கம்பெனியின் டெவலப்பர் தன் நிரலைச் சோதித்திருக்கிறார்: "உங்கள் சந்தா ரத்து செய்யப்பட்டது. இனி உங்களைத் தொடர்புகொள்ள மாட்டோம். நன்றி."

நீளமான ஆங்கிலம். அக்காவால் படிக்க முடியவில்லை. யூனிட் ஆபீஸில் கணக்கு எழுதும் பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அவர் பல வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர், நல்ல மனிதர். இரண்டு தடவை படித்தாராம். பிறகு, "ஏதோ ரத்துன்னு போட்டிருக்காங்கம்மா. இனிமே தொடர்பு வச்சுக்க மாட்டோம்னு இருக்குது. உங்க தம்பிகிட்ட எதுக்கும் நேர்ல பேசிடுங்க" என்றாராம். காது குத்துக்கு நாள் கேட்டு நச்சரித்ததால் தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். அப்படி முடிவு கட்டும்படிதான் நானும் அவளிடம் பேசியிருந்தேன்.

இதுதான் நான் கூட்டங்களில் சொல்லும் கதை. சந்தா ரத்து என்றதும் சிரிப்பு தொடங்கும், பாய் வரும்போது கைதட்டலே விழும். முதன்முதலில் மறுநாள் காலை ஆபீஸில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். டீம் லீடர் சிரிக்கவில்லை.

"எத்தன மாசமா அந்த நம்பர் உங்க அக்காகிட்ட இருக்கு?"

"எட்டு மாசம் மேடம்."

"தெரிஞ்சேவா?"

நான் என் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்று மத்தியானம் நானே உட்கார்ந்து டம்மி எண்ணைக் கட்டினேன். அதற்கு அனுப்பினால் எங்கும் போகாது, ஆனால் 'சேர்ந்தது' என்று பதில் வரும். ஆவணத்தை மாற்றினேன். பழைய எண்ணுக்கு வரும் மாதிரிச் செய்திகளை எங்கள் பக்கத்திலேயே தடுத்தேன். நாலரை மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. இந்த நாலரை மணியை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

அக்காவைக் கூப்பிட்டேன். அவள் "சொல்லு தம்பி" என்று சொன்ன குரலில் பயம் இருந்தது. என் அக்காவுக்கு என்னிடம் பயம்.

"அக்கா, அந்த மெசேஜ் நான் அனுப்பல. மெஷினு தப்பா அனுப்பிடுச்சு. அந்த ஒண்ணு மட்டும்."

அந்த ஒன்று மட்டும். ஏன் அப்படிச் சொன்னேன்? முழு உண்மையும் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் மறுமுனையில் அவள் மூச்சு விடுவது கேட்டது, அத்தனை நாளும் பிடித்து வைத்திருந்த மூச்சு. "நான் ஒரு பைத்தியம் தம்பி, என்னென்னவோ நெனச்சுட்டேன்" என்று சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று காது குத்துக்கு நாள் குறித்தோம்.

பத்து நாள் கழித்து அவளே கேட்டாள். "இப்பல்லாம் மெசேஜே வரல? வேல ஜாஸ்தியா?" குறை சொல்லும் குரலில் கேட்கவில்லை. "அதுங்க எல்லாம் கேக்குதுங்க, அதான்" என்றாள். மரத்தடிப் பெண்கள்.

"நாளையிலேர்ந்து வரும்கா."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எந்த மனிதனுக்கும் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு நிமிடம் ஒதுக்கி, போனை எடுத்து, இரண்டு வார்த்தை தட்டி அனுப்ப வேண்டும். நான் நிரல் எழுதினேன். என் ஆவணத்தின் முதல் பக்கத்து மாதிரியையே நகலெடுத்தேன், அக்கா எண்ணைப் போட்டேன், நானே போட்ட தடையிலிருந்து இதற்கு மட்டும் விலக்கு கொடுத்தேன், ஆங்கில எழுத்தில் தமிழாகப் பன்னிரண்டு வாக்கியங்களை எழுதி வைத்தேன். 'அக்கா சாப்பிட்டியா', 'பாப்பா என்ன பண்ணுது', 'வெயில்ல அலையாத', இப்படி. அவர்கள் டீ குடிக்கும் நேரமாகப் பார்த்து, தினமும் பத்தேகாலிலிருந்து பத்தே முக்காலுக்குள் ஏதோ ஒரு நிமிடத்தில், பன்னிரண்டில் ஒன்று போகும். ஒரே நேரத்துக்குப் போனால் மிஷின் என்று தெரிந்துவிடும் அல்லவா. அனுப்புநர் பெயராக அதே ஆறு எழுத்துகள். பத்து நிமிடத்தில் எழுதி முடித்தேன். முதல் தடவையிலேயே ஓடியது. அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நம் ஏ.பி.ஐ. எவ்வளவு எளிதாக இருக்கிறது என்று தோன்றியது.

அதோடு அதை மறந்துவிட்டேன். இந்த முறை உண்மையிலேயே மறந்துவிட்டேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஐப்பசி ஞாயிறு. முந்தின நாளே லேசாக மழை பெய்து கோயில் வாசல் மண் இறுகிக் கிடந்தது. சீர் தட்டு, பட்டுப் பாவாடை, ஒரு பவுனில் தோடு என்று ஒன்றும் குறை வைக்காமல்தான் போயிருந்தேன். யூனிட்டிலிருந்து பெண்கள் ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். பாயும் வந்து ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு நான் சொன்னதுல அவங்க ரொம்ப ஒடஞ்சிட்டாங்க தம்பி. மனசுல வச்சுக்காதீங்க" என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பாப்பாவை மடியில் வைத்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம். ஆசாரி கம்பியை எடுத்ததும் அது என்னைத் திரும்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. "தலைய ஆடாமப் புடிச்சுக்குங்க மாமா. ஒரு கை தலையில, ஒரு கை அதோட ரெண்டு கையையும் சேத்து" என்றார் ஆசாரி. பிடித்தேன். எதிரில் அக்கா நின்றாள், பச்சைப் புடவை, கையில் பழைய போன். சுற்றிலும் அந்தப் பெண்கள். முதல் காது குத்தியாயிற்று. பாப்பா வீரிட்டது.

அந்த அழுகைக்கு நடுவே அக்கா கையில் போன் கத்தியது.

எல்லோருக்கும் அந்தச் சத்தம் பழக்கம். ஒரு பெண் திரும்பிப் பார்க்காமலே, "தம்பி மெசேஜா?" என்றாள், தினமும் கேட்கிற மாதிரி. அக்காவும் பழக்கத்தில் திரையைப் பார்த்தாள். பார்த்தபடி கொஞ்சம் நின்றாள். ஆறு எழுத்துகள். அதன் கீழே என்ன வாக்கியம் போயிற்று என்று பிறகு பதிவில் பார்த்தேன்: 'அக்கா, பாப்பா என்ன பண்ணுது?'

அவள் தலையை உயர்த்தி என் கைகளைப் பார்த்தாள். ஒன்று குழந்தையின் தலையில், ஒன்று குழந்தையின் கைகளைச் சேர்த்துப் பிடித்தபடி. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். எட்டு மாதமும் அதற்குப் பின் வந்த நாட்களும் அவள் கண்ணில் ஒவ்வொன்றாகக் கழன்று விழுவதை நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது செத்துவிடலாம் போல இருந்தது.

"என்னாக்கா, தம்பிதான் இங்க இருக்குறாரே?" என்றாள் கேட்ட பெண். அவளும் இப்போது என் கைகளைப் பார்த்தாள்.

"நேத்து அனுப்புனதுடி" என்றாள் அக்கா. "இந்தப் பக்கம் டவர் எங்க எடுக்குது? இப்பதான் வந்து சேருது."

சொல்லிவிட்டுப் போனை இடுப்பில் செருகினாள். முந்தானையால் பாப்பாவின் கண்ணைத் துடைக்கக் குனிந்தாள். அவள் முகம் என் முகத்துக்கு வெகு பக்கத்தில் இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. என் கை தானாகத் தளர்ந்திருக்க வேண்டும்.

"கைய எடுக்காத" என்றாள் மெதுவாக. "இன்னொரு காது இருக்குது."